இரும்பு படாத பாட்டில்

அந்த பாட்டில்களின் கழுத்து என் சுண்டுவிரல் நுழையும் அளவுதான். ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் அவற்றைக் கழுவுவது என் வேலை. ஆசிட்டில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் அலச வேண்டும். குழாய்த் தண்ணீர் ஆகாது, துரு இருக்கும். துருப் பட்டால் டாக்டரம்மாவின் சோதனை வீண். தொண்டை அடைப்பான் கிருமியை அவர் அதில் வளர்த்தார். விஷம் செய்யும் மரபணு ஒன்று அதற்குள் உண்டாம். சுற்றிலும் இரும்பு இருந்தால் அது சும்மா கிடக்கும். இரும்பு குறைந்தால் விஷம் சுரக்கும். எவ்வளவு சுரக்கிறது என்று அவர் அளந்தார். நான் படித்தவனில்லை. கேட்டதைச் சொல்கிறேன்.

அண்ணன் மகனைக் கொண்டுபோனது அந்த நோய்தான், அதே ஆஸ்பத்திரியில். எழுபதுகளின் தொடக்கம். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் எல்லாரும் ஒன்றாக இருந்தோம். அவன் போனபிறகு அண்ணி அவனைப் பற்றிப் பேசியதில்லை. அவன் சட்டைகளை மட்டும் துவைத்து, ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காயப்போடுவார். யாரும் போடாத சட்டைகள்.

ஒருநாள் சோறு போடும்போது கையில் என்ன புண் என்று கேட்டார். ஆசிட் என்றேன். எதற்கு ஆசிட் என்றார். இரும்புக் கதையைச் சொன்னேன். கரண்டி அப்படியே நின்றது.

காற்று கருப்பு அண்டக்கூடாதென்று பையனுக்குப் பிறந்ததிலிருந்து இரும்புக் காப்பு போட்டிருந்தார்கள். கை பெருத்து இறுகிப்போகவே, அண்ணிதான் பட்டறைக்குக் கூட்டிப்போய் அறுத்தெடுக்க வைத்தார். அடுத்த மாதம் காய்ச்சல் வந்தது.

"இரும்ப நான்தானே தம்பி கழட்டினேன்."

அப்படியில்லை என்றேன். நம்பவில்லை. சோறு இறங்கவில்லை அவருக்கு. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நிற்பார். வேலை இடத்துக் கதையை வீட்டுக்குள் கொண்டுவராதே என்று அண்ணன் திட்டினார். வேறு வழி தெரியாமல் டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை, காத்தோங் சர்ச்சில் பூசை முடித்து, அவரே வந்தார். அண்ணி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். காப்பிலிருக்கும் இரும்பு உடம்புக்குள் போகாது, போட்டிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று நிதானமாகச் சொன்னார்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. சத்தியமா."

அண்ணி முகம் தெளிந்தது. எழுந்து தேத்தண்ணி கலந்து கொடுத்தார். டாக்டரம்மா குடித்து முடிக்கும்வரை காத்திருந்து கேட்டார்.

"அவன் தொண்டையில பஞ்சு விட்டு எடுத்தீங்களே. அது என்னாச்சு?"

டாக்டரம்மாவுக்குப் பொய் வராது. வைத்திருக்கிறோம், அதைத்தான் அளக்கிறோம், மற்ற பிள்ளைகளுக்கு உதவும் என்றார்.

"இன்னும் உயிரோடவா?"

"ஆமாம்மா. வளருது."

அண்ணி என் பக்கம் திரும்பினார். "நீங்க கழுவுற பாட்டில்லயா தம்பி?"

தலையாட்டினேன்.

காப்புப் பேச்சு அன்றோடு நின்றது. பிறகு புக்கிட் பாஞ்சாங் வீட்டுக்கு மாறினோம். அண்ணன் போய்விட்டார். டாக்டரம்மாவும் இல்லை. எனக்கு இன்றுவரை சோறு போடுவது அண்ணிதான். உடம்புக்கு முடியவில்லையென்றால் கஞ்சி வைத்துத் தருவார். ஒரு கடுஞ்சொல் கிடையாது. ஆனால் அந்த ஞாயிற்றுக்குப் பிறகு என் கையால் எதையும் வாங்கிக் குடித்ததில்லை.

நேற்று அவருக்கு மாத்திரை போடத் தண்ணீர் கொண்டுபோனேன். "அங்க வைங்க தம்பி" என்றார். வைத்துவிட்டு வெளியே வந்தேன். அடுப்படியில் அவர் அந்த டம்ளரைக் கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது.