படம் முடிந்ததும் மாலை

மலேசியாவின் கிள்ளானில் என் பக்கத்து வீட்டு ஆன்டியின் மகன் டாக்டர். போர் நடக்கும் நாட்டுக்குச் சிகிச்சை செய்யப் போனவரிடமிருந்து மூன்று வாரமாக அழைப்பே இல்லை.

ஆன்டிக்குத் தெம்பூட்ட, பிரிக்பீல்ட்ஸில் மண்டபம் பிடித்து, அக்கம்பக்கத்தாரையும் கூட்டி ஒரு பழைய படம் போட்டேன். அப்படிப் போன ஒரு டாக்டரின் உண்மைக் கதை. பாதிப் படம் பார்த்துவிட்டு முழுப் படத்தையும் சிபாரிசு செய்யும் மேதாவி நான்.

“முன்னாடி உட்காருங்க ஆன்டி, உங்க பையன் கதைலா!”

படத்தில் டாக்டர் அந்நிய மண்ணிலேயே இறந்தார். ஊரில் அவர் போட்டோவுக்கு மாலை போட்டார்கள்.

விளக்கு எரிந்தபோது, ஆன்டியைக் கௌரவிக்க வாங்கிய ரோஜா மாலையோடு மேடையில் நின்றேன்.

“முடிவு உனக்குத் தெரியுமா தம்பி?”

“இடைவேளை வரைக்கும்தான் பார்த்தேன் ஆன்டி.”

“அங்கேயே நிறுத்தியிருக்கலாமேப்பா.”

மாலை என் காரிலேயே வாடியது. அழைப்பு இன்னும் வரவில்லை. ஆன்டி வீட்டைத் தாண்டும்போது மட்டும் என் வாய் தானாக மூடிக்கொள்கிறது.