முப்பத்தேழாம் வசனம்

அச்சகத்தில் அவளை எல்லோரும் கமா அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தோரு வருடமாக அங்கே பிழை திருத்துகிறவள். ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தாலும் எழுந்து போய்ப் பக்கம் அமைப்பவரின் தோளைத் தட்டிவிடுவாள். "கமா அக்கா கண்ணுக்குத் தப்பினது கடவுள் கண்ணுக்கும் தப்பும்" என்று பைண்டிங் பிரிவில் ஒரு பேச்சே உண்டு.

அப்பேர்ப்பட்டவள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எழுபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பக்கத்தின் அடியில் இருக்க வேண்டிய இரண்டு வரிகளைக் காணாமல் நின்றாள். அந்தப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பலாம் என்று கையெழுத்துப் போட்டவளும் அவள்தான்.

அச்சகம் அப்போது வேதாகமத்தின் புதிய மொழிபெயர்ப்பு ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தது. முழுப் புத்தகம் வருமுன் அதிலுள்ள அப்போஸ்தலர் நடபடிகள் என்ற பகுதியை மட்டும் சிறு நூலாக அடித்து, மாதிரிக்காகச் சபைகளுக்கு அனுப்பியிருந்தார்கள். அவள் போகும் சபையில் இதை ஏற்பதா, பழையதையே வைத்துக்கொள்வதா என்று அடுத்த ஞாயிறு வாக்கெடுப்பு. பழையதே போதும் என்றவர்களுக்குத் தலைவர் சபையின் மூப்பர். அந்த மூப்பர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

அண்ணனுக்கு மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் வேலை. "நூத்திருபது சுத்துல ஒரு சுத்து குறைஞ்சாலும் மோட்டார் புகைஞ்சுடும். இவங்க புதிய ஏற்பாடு முழுக்கப் பதினாறு வசனத்தைக் கழட்டிட்டு, இதுவும் வேதம்தான்னு கையில குடுக்கறாங்க" என்பார். மாதிரி அச்சாகும் முன்பே, மொழிபெயர்ப்பாளர்கள் வெளியிட்ட அறிக்கையைப் பார்த்துப் பதினாறையும் பட்டியல் போட்டு, 'வசனத் திருட்டு' என்று தலைப்பிட்டு, துண்டுப் பிரசுரமும் அடித்து வீடு வீடாகக் கொடுத்துவிட்டார்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர் எழுந்தார். "எட்டாம் அதிகாரம் எடுங்க. தேர்ல வர்ற மந்திரி தண்ணியப் பார்க்கறார். ஞானஸ்நானம் வாங்க எனக்கு என்ன தடைன்னு கூட வந்த ஊழியக்காரர்கிட்ட கேட்கறார். அது முப்பத்தாறு. அடுத்து என்ன இருக்கு? முப்பத்தெட்டு. தேரை நிறுத்தறாங்க, ரெண்டு பேரும் தண்ணியில இறங்கறாங்க. கேட்ட கேள்விக்குப் பதில் எங்க? முழு இருதயத்தோட விசுவாசிச்சா தடையில்லைன்னு சொன்னது எங்க? விசுவாசிக்கிறேன்னு மந்திரி அறிக்கை பண்ணது எங்க?"

அவள் இருந்த இடத்திலிருந்தே சொன்னாள். "அண்ணா, யாரும் எடுக்கல. அது கீழ அடிக்குறிப்புல இருக்கு. முப்பத்தாறு முடியற இடத்துல நட்சத்திரக் குறி இருக்கும், பாருங்க."

"குறி இருக்கு. குறிப்பை நீயே வந்து படிச்சுக் காட்டும்மா."

நூலை வாங்கினாள். குறி இருந்தது. பக்கத்தின் அடியில் வெறும் வெள்ளை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். வெள்ளைதான்.

"படிம்மா" என்றார் அண்ணன். குரலில் வெற்றி இல்லை. அதுதான் அவளை இன்னும் உறுத்தியது.

மற்ற பதினைந்து வசனங்களையும்விட இது அவருக்கு ஏன் பெரிது என்று அவளுக்குத் தெரியும். பதினேழு வயதுவரை அண்ணனுக்குக் கடுமையான திக்குவாய். கடையில் ஒரு பொருளைக் கேட்பதற்குள் பின்னால் நிற்பவர்கள் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஞானஸ்நானத்தன்று இடுப்பளவு தண்ணீரில் நின்று, மந்திரியின் அந்த அறிக்கையை ஒரே மூச்சில், திக்காமல் சொன்னார். கரையில் நின்ற அம்மா அழுதே விட்டாள். அண்ணன் ஊரறிய முழுதாகச் சொன்ன முதல் வாக்கியம் அது.

திங்கட்கிழமை அச்சகம் திறந்ததும் அவள் பக்கம் அமைப்பவரின் கணினி முன்னால் போய் நின்றாள். ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது. கடைசி நேரத்தில் தலைப்பு எழுத்தை ஒரு சுற்றுப் பெரிதாக்கியிருக்கிறார்கள். பக்கம் கீழே இறங்கி, அடிக்குறிப்பின் இரண்டு வரியும் கட்டத்துக்கு வெளியே போய் மறைந்துவிட்டன.

"ஆனா அக்கா, மாத்தினதுக்கு அப்புறமும் தாள் எடுத்து உங்ககிட்ட குடுத்தேனே" என்றார் அவர் தயங்கியபடி.

கோப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். வலது மூலையில் அவள் கையெழுத்து, தேதி. அந்தத் தேதியைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. அன்று காலைதான் அண்ணன், புதிதாக எழுதி முடித்த துண்டுப் பிரசுரத்தைப் போனில் படித்துக் காட்டியிருந்தார். அவள் பாதியில் துண்டித்துவிட்டு, கொதிப்பு அடங்காமல், பன்னிரண்டு தாள்களில் விறுவிறுவென்று கையெழுத்துப் போட்டிருந்தாள்.

மேலாளர் கதவைச் சாத்தினார். "யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. இது வெறும் மாதிரி. முழுப் புத்தகத்துல சரி பண்ணிடலாம்."

"சபையில நேருக்கு நேர் கேட்டுட்டாங்க, சார்."

"கம்ப்யூட்டர் கோளாறுன்னு சொல்லுங்க."

"கையெழுத்தைக் கம்ப்யூட்டர் போடலயே, சார்."

"அப்ப உங்க தலையிலதான் விடியும். யோசிச்சுக்குங்க."

மாலையில் அண்ணனும் அண்ணியும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அண்ணன் உட்காரவில்லை. "வேணும்னேதான் எடுத்தாங்கன்னு ஒரு தாள்ல எழுதிக் குடு. நீ சொன்னா எல்லாரும் நம்புவாங்க."

"அது உண்மையில்லண்ணா."

"அப்ப உண்மை என்ன?"

"ஞாயித்துக்கிழமை சொல்றேன்."

"உனக்கு அண்ணன் பெருசா, அச்சகம் பெருசா?"

"ஒரு வாய் டீயாவது குடிச்சுட்டுச் சண்டை போடுங்களேன்" என்றாள் அண்ணி. யாரும் சிரிக்கவில்லை. டீ ஆறிப்போனது. அவர்கள் போய்விட்டார்கள்.

அந்த வாரம் அவளுக்கு முள்மேல் நடப்பது போல இருந்தது. அவள் வீட்டுக் கதவில் யாரோ அந்தத் துண்டுப் பிரசுரத்தை ஒட்டிவிட்டுப் போனார்கள். கடையில் வழக்கமாக நலம் விசாரிப்பவர்கள் அவளைப் பார்க்காததுபோலப் பையின் ஜிப்பைத் திறந்து மூடினார்கள். அச்சகத்தில் மேலாளர் எதிரே வந்தால் வழியை மாற்றிக்கொண்டார். வேலையில் ஒரே வரியை நான்கு முறை படித்தாள். தன் கண்ணையே தன்னால் நம்ப முடியவில்லை.

ஞாயிறு சபைக்கூடம் நிரம்பி வழிந்தது. அவள் இரண்டு தாள்களுடன் முன்னால் போனாள்.

"இது ரெண்டாவது மெய்ப்பு, அதாவது பிழை பார்க்க எடுத்த தாள். இதுல அடிக்குறிப்பு இருக்கு. இது கடைசித் தாள். இதுல இல்ல. பக்கம் இறங்கினப்போ வரி விழுந்துபோச்சு. அதைப் பார்க்க வேண்டியவ நான். பார்க்காம கையெழுத்துப் போட்டுட்டேன். திருட்டு ஒண்ணும் நடக்கல. தப்பு நடந்தது. அது என்னோட தப்பு."

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. அண்ணன் மெல்ல எழுந்தார். அவர் முகம் மாறியிருந்தது.

"எல்லாரும் கேட்டீங்களா? முப்பது வருஷ அனுபவம் இருக்கறவ, கண்ணாடி போட்டுப் பார்க்கறவ, இவ கையிலயே ஒரு வசனம் விழுந்துபோச்சு. அந்தக் காலத்துல விளக்கு வெளிச்சத்துல கையால பார்த்து எழுதினவங்களுக்கு விழுந்திருக்காதா? மொழிபெயர்த்தவங்க, பழைய கையெழுத்துப் பிரதியில இல்ல, பழைய பிரதியில இல்லன்னு சொல்றாங்களே, விட்டுப்போனதால இல்லாம இருக்கலாமில்ல?"

அவளுக்குச் சுருக்கென்றது. அவள் தப்பே அவருடைய சாட்சியாகிவிட்டது. மறுக்க முடியாது, அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

"ஆமாண்ணா, விழலாம்" என்றாள். "ஆனா சேரவும் செய்யும். பத்து வருஷம் முன்னாடி ஒரு ஜெபப் புத்தகத்துக்கு மெய்ப்பு பார்த்தேன். ஓரத்துல பென்சில்ல, 'இது சரிதானா என்று பெரியவரைக் கேட்கவும்'னு எழுதி வச்சேன். அதையும் உள்ள சேர்த்து அடிச்சுட்டாங்க. ஆயிரம் பேர் அந்த ஜெபத்தோட அதையும் சேர்த்துச் சொன்னாங்க. ஒருத்தர்கூட ஏன்னு கேட்கல."

பின்வரிசையில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

"இந்த வசனமும் ஒரு பிரதியில ஓரத்துலதான் இருந்ததாம். முதன்முதல்ல அச்சுல ஏத்தினவர், பார்த்து எழுதினவர் மறந்துட்டார்னு நினைச்சு உள்ள சேர்த்தாராம். கிடைச்சதுலயே ரொம்பப் பழைய பிரதிகள்ல இது இல்ல. ஆனா அந்தப் பிரதிகளுக்கும் முந்தி இருந்த ஒரு சபைத் தலைவர் மந்திரியோட அறிக்கையை எடுத்துச் சொல்லியிருக்கார். அதனாலதான் தூக்கி எறியாம அடிக்குறிப்புல வச்சாங்க. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். இதுக்கு மேல சத்தியம் பண்ணிச் சொல்ல என்னால முடியாது."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல் வரவில்லை. உதடு ஒரே எழுத்தில் மாட்டிக்கொண்டு அடித்துக்கொண்டது. நாற்பது வருடமாக யாரும் பார்க்காதது. அவள் குறுக்கே பேசவில்லை. சின்ன வயதில் செய்வதுபோல, பார்வையைத் தாழ்த்திக் காத்திருந்தாள்.

"அ... அ... அப்ப நான் தண்ணியில நின்னு சொன்னது?"

"நீங்க சொன்னதுண்ணா. அதை எந்த அச்சகமும் விட முடியாது. நான் கரையில நின்னு கேட்டேன்."

அவர் உட்கார்ந்துவிட்டார்.

வாக்கெடுப்பில் பழைய மொழிபெயர்ப்பே நாற்பத்தொன்றுக்கு இருபத்தொன்பது என்று வென்றது. அவளும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கக் கதவு வழியாக வெளியே போனார்கள். அச்சகத்தில் இறுதிக் கையெழுத்துப் போடும் பொறுப்பை அவளிடமிருந்து எடுத்துவிட்டார்கள். விடுபட்ட குறிப்பைச் சிறு சீட்டாக அடித்து, மீதமிருந்த மாதிரி நூல்களில் அவளே ஒன்பது நாள் உட்கார்ந்து ஒட்டினாள். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

ஐந்து வாரம் அண்ணன் பேசவில்லை. ஆறாவது வாரம் அச்சகத்தின் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் மோட்டார் எரிந்துபோனது. அவரைத் தவிர வேறு யாருக்கும் அந்த மாடல் பிடிபடாது. வந்து கழற்றிப் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே அவள் மேசைக்கு எதிரே வந்து நின்றார்.

"அந்தப் பழைய பிரதியோட படம் இருக்கா?"

எடுத்துக் காட்டினாள். நெருக்கமான எழுத்துகள், சொல்லுக்குச் சொல் இடைவெளியே இல்லை. வெகுநேரம் பார்த்தார்.

"பாவம், எழுதினவனுக்குக் கண்ணு போயிருக்கும்" என்றார். "ஆனா நான் இன்னும் ஒத்துக்கல."

"தெரியும்."

சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினார். இரண்டாவது துண்டுப் பிரசுரம். "போன தடவை எழுத்துப் பிழை நிறையன்னு உங்க அண்ணி மானத்தை வாங்கிட்டா. கொஞ்சம் பாரு."

அவள் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தாள். 'திருட்டு' என்ற சொல் தலைப்பில் இல்லை. 'விடுபட்டவை' என்று இருந்தது. பதினொரு பிழைகளைத் திருத்தினாள். வாதத்தில் ஒரு சொல்லைக்கூடத் தொடவில்லை.

"வேற ஒண்ணும் சொல்லலையா?" என்றார் அண்ணன்.

"சொல்ல நிறைய இருக்கு. முதல்ல மோட்டாரை முடிச்சுட்டு வாங்க."