அக்கா ஊற்றிய ஒன்றரை லிட்டர்: தஞ்சாவூரிலிருந்து கோடியக்கரைக்கு

ஏர்-கூல்டு காருக்கு எந்த எண்ணெய் போடுகிறீர்கள் என்று வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எண்ணெயை மட்டும் தனியாகச் சொல்ல முடியாது. தை மாதம் மூன்றாம் வாரத்தில் போய்வந்த பயணத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

என்னிடம் இருப்பது ஐம்பது வயதான ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு கதவு, பின்னால் இன்ஜின், இடது பக்கம் ஸ்டியரிங். பத்து மாதத்துக்கு முன்னால் வாங்கினேன், மல்லிகா அக்காவிடம் சொல்லாமல். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் அக்கா வாடகைக்கு டிராக்டர் ஓட்டுகிறாள். மாமா இறந்த பிறகு அந்த டிராக்டரை ஓட்டித்தான் என்னைப் படிக்கவைத்தாள். இந்த வலைப்பூவில் நான் போட்ட படத்தைப் பார்த்துத்தான் அவளுக்குக் கார் விஷயமே தெரிந்தது. அதற்குப் பிறகு போனில் மழையைப் பற்றிப் பேசுவாள், நெல்லைப் பற்றிப் பேசுவாள், காரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். அக்கா திட்டினால் தாங்கிக்கொள்வேன். கேட்காமல் இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. காரைக் கொண்டுபோய் அவள் முன்னால் நிறுத்தி, கோடியக்கரைக் கடல் வரைக்கும் கூட்டிப்போய், எப்படியாவது அவள் வாயால் நல்லது ஒன்று கேட்டுவிட வேண்டும் என்று கிளம்பினேன்.

சென்னையில் காலை 4.30. தஞ்சாவூர் 11.40, மீட்டரில் 342 கிலோமீட்டர். எண்ணெய் மாற்றும் வேலையைத் தஞ்சாவூருக்கு என்று வைத்திருந்தேன். இந்த இன்ஜினில் ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. காற்றும் எண்ணெயும்தான் சூட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் எந்த எண்ணெய் என்பதற்காக மூன்று மாதம் தூக்கத்தைத் தொலைத்திருந்தேன். இணையத்தில் ஆளுக்கொரு கட்சி. தஞ்சாவூர் எண்ணெய்க் கடைக்கார பாய் இருபது வருடம் சவூதியில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர். காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “தண்ணி மாதிரி இருக்கற புது ஆயிலெல்லாம் இதுக்கு வேணாங்க. வெயில்ல நிக்காது. கெட்டியாப் போடுங்க” என்றார். 20W-50 என்கிற கெட்டி ரகம், மினரல், பழைய இன்ஜினுக்கு வேண்டிய ஜிங்க் கொஞ்சம் தாராளமாக உள்ளது. எட்டு லிட்டர், லிட்டர் 480 ரூபாய். வேலைக் கூலி 600. மூன்று மாதப் பட்டிமன்றத்தைப் பாய் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடித்துவிட்டார்.

3.40க்குப் புறப்பட்டேன். மன்னார்குடி 38 கிலோமீட்டர், அங்கிருந்து திருத்துறைப்பூண்டி 28. சம்பா முற்றி, சாலைக்கு இரண்டு பக்கமும் பழுத்துக் கிடந்தது. ஜன்னலை இறக்கினால் வைக்கோல் வாசனை, முதுகுக்குப் பின்னால் இன்ஜின் காற்றாடியின் ரீங்காரம். சாயங்கால வெயிலில் வயல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக மனம் வரவில்லை. ஏதோ ஒரு ஊரைக் கடந்தேன், பெயர்ப்பலகை பார்த்த ஞாபகம்கூட இல்லை. அப்படி ஒரு மயக்கம்.

வீட்டு வாசலில் நிறுத்தியதும் அக்கா வந்தாள். பின்மூடியைத் திறந்து இன்ஜினைக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியைக் காட்டி, “இது டிப்ஸ்டிக்கா?” என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். சாவியை ஆணியில் மாட்டிவிட்டுச் சாப்பிட்டேன். காரைப் பற்றி அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் 6.20. பனி இறங்கிக் கிடந்தது. அக்கா வலது பக்கம் உட்கார்ந்தாள். டீக்கடையில் நின்ற ஒருவர் ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று கவனிக்கவில்லை போலிருக்கிறது. “என்னக்கா, காரும் ஓட்ட ஆரம்பிச்சாச்சா?” என்றார். அக்கா லேசாகச் சிரித்தாள். வேதாரண்யம் சாலையில் பனிக்குள்ளே மிதந்து போனோம். மரங்கள் கிட்டே வந்த பிறகுதான் மரமாகின. பத்து மாதத்தில் முதல்முறையாக எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது.

ஒன்பதாவது கிலோமீட்டரில் கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் சாலையே இல்லை. நீலப் புகை. பனியோடு கலந்து, கதிர்களின் மேல் அசையாமல் படுத்திருந்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தினேன்.

“நான்தான்டா ஊத்துனேன்” என்றாள் அக்கா. “காலையில பாத்தேன். குச்சி வறண்டு கெடந்துச்சு. எனக்குப் பதறிப் போச்சு. டிராக்டருக்கு வச்சிருந்த எண்ணெயில ஒன்றரை லிட்டர் ஊத்துனேன். சொன்னா உன் மொகம் வாடிடும்னு சொல்லல.”

டிராக்டர்காரர்களின் முதல் வேலை அதுதான். விடிந்ததும், வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால், குளிர்ந்த இன்ஜினில் குச்சியை உருவிப் பார்ப்பார்கள். டெல்டா முழுக்க அப்படித்தான். ஆனால் என் காரில் எண்ணெய்க்குத் தனித் தொட்டி. ராத்திரி முழுக்க நின்றால் தொட்டியிலிருப்பது மெல்ல இன்ஜினுக்குள் இறங்கிவிடும், குச்சி காய்ந்துபோய்ப் பொய் சொல்லும். இன்ஜின் சூடாகி, ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். இதை நான் முந்தின நாளே அவளிடம் சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பதிலாக, “கேக்காம ஏன் தொட்ட? இது உன் டிராக்டர் இல்ல” என்றேன்.

சொன்ன பிறகு நான் ஓடியது இன்ஜினைப் பார்க்க. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. நிமிர்ந்தபோது அக்கா இல்லை. பனிக்குள் அவள் முதுகு கரைந்துகொண்டிருந்தது. பஸ் பிடித்து வீட்டுக்குப் போகிறாள் என்று நினைத்தேன். எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியாது.

திரும்பி வந்தபோது அவளோடு இன்னொருவர் இருந்தார். பக்கத்து வயலில் நின்ற அறுவடை மெஷினின் டிரைவர், ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். “பனி காயட்டும்னு சும்மாத்தாங்க உக்காந்திருந்தேன்” என்றார். பேரலிலிருந்து டீசல் எடுக்கிற பிளாஸ்டிக் கைப்பம்பு அவர் கையில்.

“கூட ஊத்துனா பொகைதான் வரும். எடுத்துட்டாப் போச்சு” என்றாள் அக்கா, என் முகத்தைப் பார்க்காமல்.

குழாயைத் தொட்டிக்குள் விட்டு அவளே இழுத்தாள். ஒன்றரை லிட்டர் வந்தது. “அத எங்கிட்டக் குடுங்க, மெஷின் செயினுக்கு ஆகும்” என்று டிரைவர் வாங்கிக்கொண்டார், வேறு எதுவும் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கிப் பார்த்தேன். அளவு சரியாக நின்றது. அடுத்த பத்துக் கிலோமீட்டரில் புகையும் ஓய்ந்தது. இன்ஜினுக்கு ஒன்றும் இல்லை.

எண்ணெய்க்காக மட்டும் வந்தவர்கள் இந்தப் பத்தியோடு கிளம்பலாம். நம் வெயிலுக்கு 20W-50, மினரல், ஜிங்க் உள்ளது. சமதரையில் நிறுத்தி, சூடான இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அளவு பார்க்கவும். ஊற்றினால் கால் லிட்டராக ஊற்றவும். டிராக்டர் எண்ணெய் கலந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம். அது 15W-40, ஜிங்க் உள்ளதுதான், பழைய கார்க்காரர்கள் சிலர் தேடிப்போய் வாங்கி ஊற்றுகிற ரகம். திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் 35 கிலோமீட்டர், கோடியக்கரை இன்னும் 11. ஏழு மணிக்குள் கிளம்பினால் உப்பளங்களைப் பனியோடு பார்க்கலாம். யாருடைய வீட்டில் காரை நிறுத்தினாலும், குச்சியை எப்போது பார்க்க வேண்டும் என்று படுப்பதற்கு முன்னால் அவர்களிடம் சொல்லிவிடவும்.

நாங்கள் கடலுக்குப் போய்ச் சேர்ந்தபோது 8.50. பெரிய அலையில்லாத கடல். அக்கா ஈர மணலை அள்ளிக் கையிலிருந்த எண்ணெயைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“காலையில அப்படிச் சொல்லிருக்கக் கூடாது அக்கா” என்றேன்.

“எவ்வளவுக்கு வாங்குன?” என்று கேட்டாள்.

பத்து மாதம் கழித்துக் கேட்டாள். ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல் சொன்னேன். அவள் கை நின்றது. மறுபடியும் மணலை அள்ளினாள், மறுபடியும் தேய்த்தாள். தண்ணீர் வந்து காலைத் தொட்டுவிட்டுப் போனது.

“நீ கேக்காம வாங்குன” என்றாள் கடைசியில். “நான் கேக்காம ஊத்துனேன். சரியாப் போச்சு, விடு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பார்க்காத மாதிரி கடலைப் பார்த்துக்கொண்டு கை கழுவினாள்.