பவுடர் பூசிய எஞ்சின்

தொண்ணூற்று மூன்றில் விழுப்புரத்தில் என்னிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. அதன் எஞ்சினில் ஆயில் கசிந்து, பின்னால் உட்காரும் மனைவியின் சேலை ஓரமெல்லாம் கறையானது. “சேலைய இழுத்துப் புடிச்சிக்கினு உக்காரத் தெரியாதா?” என்று அவளையே திட்டுவேன். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

திண்டிவனத்தில் அவள் தங்கை குழந்தைக்கு ஞானஸ்நானம் வந்தது.

“பட்டுச்சேலை கட்டப்போறேன். நான் பஸ்ல போறேன். நீங்க உங்க வண்டியோட வாங்க,” என்றாள் மனைவி.

கல்யாணமானதிலிருந்து எந்த விசேஷத்துக்கும் நாங்கள் தனித்தனியாகப் போனதில்லை. எஞ்சினின் அடியில் கசிவை அடைக்கும் கேஸ்கெட்டை மறுபடியும் மாற்றினேன். கசிவு நிற்கவில்லை. அன்று அவள் ஒரு சேலைக் கறையின்மேல் முகப்பவுடரைத் தூவிக்கொண்டிருந்தாள். எண்ணெய் பட்ட இடம் மட்டும் கருத்தது. கசியும் இடத்தையும் இது காட்டிக்கொடுக்குமே என்று, உடனே எஞ்சினைச் சுத்தமாகத் துடைத்து, அந்தப் பவுடர் டப்பாவை அதன்மேல் காலி செய்தேன்.

“அப்படியே பொட்டும் வச்சிடுங்க,” என்றாள்.

சோதித்துப் பார்க்க நான் மட்டும் கூட்டேரிப்பட்டு வரை ஓட்டி, டீக்கடை ஓரம் நிறுத்திக் குனிந்து பார்த்தேன். வெள்ளை எஞ்சினில் ஒரே ஒரு கருப்புக் கோடு, உச்சியிலிருந்து இறங்கியிருந்தது. மேலே ஆயில் குழாயை இறுக்கும் போல்ட்டின் செப்பு வாஷர் நசுங்கிப்போயிருந்தது. கழற்றும்போதெல்லாம் அந்தப் பழையதையே திருப்பிப் போட்டவன் நான்தான். கீழே சொட்டியதால் கீழேயே தேடிக்கொண்டிருந்தேன்.

புது வாஷர் போட்டேன். வண்டிக்கு அடியில் விரித்த செய்தித்தாள் மறுநாளும் காய்ந்தே கிடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவள் பட்டுச்சேலையோடு ஏறினாள்.

திண்டிவனம் மாதா கோயில் வாசலில் இறங்கி, சேலை ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கறையே இல்லை.

“உன்மேல தப்பில்ல,” என்றேன்.

“அது எனக்கு எப்பவோ தெரியும். திரும்பிப் போறப்பவும் இதுலயே வர்றேன்.”