பத்து மீட்டர்

அந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் நின்று ஜெரால்ட் இருக்கிறாரா என்று கேட்டால் வாட்ச்மேன் கொஞ்சம் யோசிப்பார். பி.டி. சார் என்று கேட்டால் போதும், கேட்டைத் திறந்துவிட்டு மைதானத்தைக் கைகாட்டிவிடுவார். பத்தொன்பது வருஷத்தில் சொந்தப் பெயர் அவருக்கே பாதி மறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாதிரியார்கூட, "பி.டி. சார், மைக் கொர்ருன்னுது, கொஞ்சம் பாருங்க" என்றுதான் கூப்பிடுவார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய அரசு மேல்நிலைப் பள்ளி அது. இரண்டாயிரத்து நூறு பிள்ளைகள். இத்தனை பேருக்கும் உடற்கல்வி ஆசிரியர் இவர் ஒருத்தர்தான்; இன்னொரு பணியிடம் காலியாகவே இருக்கிறது, கேட்டால் வரும் வரும் என்கிறார்கள். காலை அசெம்பிளிக்கு விசில் ஊதுவது, முடி வெட்டாமல் வருகிறவனைப் பிடிப்பது, சுதந்திர தினத்துக்குக் கொடிக்கயிறு சிக்காமல் பார்ப்பது, கலைத் திருவிழாவுக்கு மேடை கட்டுவது எல்லாம் இவர் தலையில்தான். பரதம் ஆடுகிற பெண்ணும் பறை அடிக்கிற பையனும் ஒத்திகைக்கு இடம் கேட்டு இவரிடம்தான் வந்து நிற்க வேண்டும். ஓட்டம் சொல்லிக்கொடுக்க மிச்சம் கிடைக்கும் நேரம் சாயந்திரம் ஒரு மணி நேரம். அதுவும் பொங்கலுக்கு முன்னால் வரைக்கும்தான்.

பொங்கல் முடிந்தால் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் விளையாட்டுப் பீரியட் கிடையாது. கணக்கு டீச்சர் செண்பகம் சாக்பீஸ் டப்பாவோடு வந்து, "சார், சிலபஸ் முடியல, இந்த பீரியட எனக்கு குடுத்துடுங்க" என்பார். "எடுத்துக்கோங்க, இன்னிக்கு நேத்தா நடக்குது" என்று ஜெரால்ட் சலித்துக்கொள்வார். ஆனால் சும்மா விடமாட்டார். அதற்குப் பதிலாக, ஓட்டப் பந்தயம் நடக்கும்போதெல்லாம் ஸ்டாப்வாட்சோடு செண்பகம்தான் வந்து வெயிலில் நிற்க வேண்டும். அந்த அம்மாளும் குடையைப் பிடித்துக்கொண்டு, செகண்டை நூறாகப் பிரித்து நோட்டில் எழுதிக்கொடுப்பார். இந்த ஏற்பாடு பதினாறு வருஷமாக ஓடுகிறது.

ஜெரால்டின் அப்பா முதலில் அடுத்தவர் வயலில் நாற்று சுமந்தவர், பிறகு இரும்புக் கம்பெனியில் மூட்டை சுமந்தவர். மகன் அரசாங்க வேலைக்கு வந்தபோது அவர் வந்து பார்த்தது வகுப்பறையை இல்லை, மைதானத்தைத்தான். "இவ்ளோ எடமும் உன் பொறுப்பா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி ஜெரால்டுக்குத் தலைக்கேறிவிட்டது. சேர்ந்த மாதமே இருநூறு மீட்டர் ஓடுதளம் போட்டே தீருவேன் என்று இறங்கிவிட்டார்.

அப்போது பி.டி. அறையில் இருந்தது காற்றுப் போன மூன்று கால்பந்துகளும் ஓர் எலிப்பொறியும்தான். அளக்க டேப் கிடையாது. பள்ளிக்குக் கழிப்பறை கட்டிக்கொண்டிருந்த பாக்கியராஜ் மேஸ்திரியிடம் முப்பது மீட்டர் டேப்பை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கி, தனி ஆளாக அளந்து, ஆறு இடத்தில் சிமெண்ட் போட்டுக் கல் நட்டார். அதற்குப் பிறகு ஒரு நாளும் அளந்ததில்லை. கல் இருக்கிறது, கல்லைச் சுற்றிக் கயிறு கட்டிச் சுண்ணாம்பு போட்டால் கோடு வந்துவிடுகிறது, அப்புறம் எதற்கு அளப்பது?

பிள்ளைகள் ஓடினார்கள். நன்றாகவே ஓடினார்கள். பக்கத்துப் பள்ளிகளோடு நடக்கும் குறுவட்டப் போட்டியில் ஜெயித்துவிட்டும் வருவார்கள். அங்கே யாரும் நேரம் குறிப்பதில்லை, யார் முதல் என்பதோடு சரி. மாவட்டப் போட்டிக்குத் திருவள்ளூர் போனால்தான் வினை. இங்கே செண்பகத்தின் வாட்சில் பறந்தவர்கள் அங்கே ஏழு செகண்ட், எட்டு செகண்ட் பிந்தி வருவார்கள். ஒருத்தர் இல்லை, இருவர் இல்லை, எல்லாரும். ஜெரால்ட் யோசித்து யோசித்து ஒரு காரணம் கண்டுபிடித்தார்: வெளியூர் பயம். அசெம்பிளியில் மைக்கைப் பிடித்துக்கொண்டே சொல்வார், "நம்ம பசங்களுக்கு கால்ல கொற இல்ல, நெஞ்சுலதான் கொற." ஹெட்மாஸ்டர்கள் மாறினார்கள், இந்த வசனம் மாறவில்லை.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். பள்ளிக்குப் பத்து வகுப்பறைகள் புதிதாகக் கட்ட அனுமதி வந்தது. சந்தோஷம்தான், மரத்தடியில் உட்காரும் ஆறாம் வகுப்புக்குக் கூரை வேண்டாமா? ஆனால் வரைபடத்தில் கட்டடம் வந்து விழுந்தது நேராக மைதானத்தின் நடுவில். பின்பக்கத்தில் பழைய ஓட்டுக் கட்டடத்தை இடித்த இடம் முள்ளு மண்டிக் கிடக்கிறது. அங்கே கட்டலாமே என்று ஜெரால்ட் தொண்டை வற்றக் கத்தினார். தலைமை ஆசிரியை சுகிர்தா நல்ல மாதிரி. "கத்தினா ஆவாது சார். மனு எழுதுங்க. பெத்தவங்க கமிட்டி தலைவி கையெழுத்து போட்டு, திங்கக்கிழமை திருவள்ளூர் போயி நேர்ல பேசட்டும்" என்றார். ஜெரால்ட் ராத்திரி பகலாக உட்கார்ந்து மனு எழுதினார். முதல் வரியே, 'இருநூறு மீட்டர் ஓடுதளம் கொண்ட எங்கள் மைதானம்' என்று கம்பீரமாகத் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை காலையில் இடம் அளக்க ஒரு சின்ன வயது எஞ்சினியர் அம்மா வந்தார். கையில் கோல் வைத்த சக்கரம். தள்ளிக்கொண்டே நடந்தால் தூரம் தானாகக் காட்டும். "இது எரநூறு மீட்டர் ட்ராக் மேடம், பார்த்துக்கோங்க" என்று ஜெரால்ட் பெருமையாகச் சொன்னார். அந்த அம்மாவும் சும்மா இருக்காமல் சக்கரத்தைக் கோட்டின் மேலேயே ஒரு சுற்றுத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"நூத்தி தொண்ணூறு காட்டுது சார்."

"உங்க சக்கரத்துல கோளாறா இருக்கும்."

எஞ்சினியர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஜெரால்டுக்குச் சோறு இறங்கவில்லை. மதியம் நீளம் தாண்டுதலுக்கு வைத்திருந்த புது டேப்பை எடுத்துக்கொண்டு போய் மூன்று தடவை அளந்தார். மூன்று தடவையும் நூற்றித் தொண்ணூறுதான்.

அப்போதுதான் பாக்கியராஜ் மேஸ்திரியின் குரல் ஞாபகத்துக்கு வந்தது. கழிப்பறைச் சுவர் அளக்கும்போது ஒவ்வொரு தடவையும் ஆட்களைப் பார்த்து, "ஒண்ணு கழிச்சிக்கோ! ஒண்ணு கழிச்சிக்கோ!" என்று கத்துவார். பூச்சு வேலைக்காக ஏதோ கழிக்கிறார்கள் என்று ஜெரால்ட் நினைத்திருந்தார். அடப்பாவி! டேப்பின் முதல் மீட்டர் கிழிந்து போய், ஒன்று என்கிற இடத்தில் வளையத்தைக் கட்டியிருந்திருக்கிறார் மேஸ்திரி. முப்பது என்று காட்டினால் உண்மையில் இருபத்தொன்பது. அவருடைய ஆட்களுக்கு அது தெரியும். பி.டி. சாருக்கு யார் சொல்வது? ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு மீட்டர் போய், வளைவும் சுருங்கி, மொத்தத்தில் பத்து மீட்டர் காணாமல் போயிருந்தது.

நேராகச் செண்பகத்திடம் போனார். "டீச்சர், ஒரு கணக்கு. எண்ணூறு மீட்டர்னு நெனச்சி ஒரு புள்ள நாலு ரவுண்டு ஓடுது. ரவுண்டுக்கு பத்து மீட்டர் கம்மி. நேரம் ரெண்டு நிமிஷம் முப்பது செகண்ட். நெஜமான எண்ணூறுக்கு எவ்ளோ ஆவும்?"

செண்பகம் கரும்பலகை ஓரத்திலேயே போட்டுப் பார்த்தார். "ரெண்டு முப்பத்தெட்டு. எட்டு செகண்ட் கூட வரும். ஏன் சார், மூஞ்சி இப்டி ஆயிடுச்சி?"

ரெண்டு முப்பது என்பது பி.டி. அறைச் சுவரில் பெயிண்டில் எழுதியிருக்கும் பள்ளிச் சாதனை. கல்பனா, பத்தாம் வகுப்பு. பதினாறு வருஷமாக யாரும் முறியடிக்கவில்லை. திருவள்ளூரில் அவள் ஓடியது ரெண்டு முப்பத்தெட்டு, நாலாவது இடம். அன்றைக்கு மைதானத்திலேயே, மற்றப் பள்ளிப் பிள்ளைகள் பார்க்க, ஜெரால்ட் அவளைப் பிடித்துக் கத்தினார்: "பயந்தாங்கொள்ளி! ஊர தாண்டினா ஒனக்கு கை கால் நடுங்கும், நீ எதுக்கும் லாயக்கில்ல!" அடுத்த வருஷம் அந்தப் பெண் மைதானத்துப் பக்கமே வரவில்லை. பயந்தவள் விலகிவிட்டாள் என்று அவரும் விட்டுவிட்டார். அதை இப்போது நினைத்ததும் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

அந்தக் கல்பனா யார் தெரியுமா? இப்போது சிப்காட்டில் கண்ணாடிக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். மகள் ரம்யா இதே பள்ளியில் ஆறாம் வகுப்பு. மனுவில் கையெழுத்துப் போட வேண்டிய பெற்றோர் கமிட்டித் தலைவி அவளேதான்.

மூன்று மணிக்குக் கூட்டம். வெளியே கலைத் திருவிழாவுக்குப் பறை ஒத்திகை நடந்துகொண்டிருந்ததால் சுகிர்தா ஜன்னலைச் சாத்திவிட்டு மனுவைப் படித்தார். கல்பனா கம்பெனி யூனிஃபார்மிலேயே வந்திருந்தாள். மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டாள்.

"திங்கக்கிழமை நீங்களே போயி பேசிடுங்கம்மா" என்றார் சுகிர்தா.

"அய்யோ மேடம், அது மட்டும் வேணாம்." கல்பனா பேனாவை மூடினாள். "எனக்கு வெளியூருன்னாலே கை கால் ஓடாது. கம்பெனில ரெண்டு வாட்டி லைன் லீடர் போஸ்ட்டு குடுத்தாங்க. பூனா போயி ஒரு மாசம் ட்ரெய்னிங் எடுக்கணும்னாங்க, வேணான்ட்டேன். வேற யாரையாச்சும் அனுப்புங்க. என் கத பி.டி. சாருக்குத்தான் நல்லா தெரியுமே."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அதில் குத்தல் எதுவும் இல்லை, அதுதான் ஜெரால்டைக் கொன்றது. வாயைத் திறந்தால் மனுவின் முதல் வரி பொய்யாகிவிடும். இருநூறு மீட்டரே இல்லாத மைதானத்துக்கு ஏன் சண்டை என்று கேட்டுவிட்டால் மைதானமும் போச்சு, பத்தொன்பது வருஷப் பேரும் போச்சு. வாயை மூடிக்கொண்டால் இந்தப் பெண் கடைசி வரைக்கும் தன்னைப் பயந்தாங்கொள்ளி என்றே நினைத்துக்கொண்டிருப்பாள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"கல்பனா, நீ அன்னிக்கி பயப்படலம்மா."

"இன்னா சார் சொல்றீங்க?"

எல்லாவற்றையும் சொன்னார். மேஸ்திரியின் டேப், ஆறு கல், காலையில் வந்த சக்கரம், செண்பகம் போட்ட கணக்கு. "நீ இங்க ஓடினதும் அங்க ஓடினதும் ஒரே வேகந்தான். ஒரு செகண்டுகூட பிந்தல. அளவுதான் தப்பு. அளந்தவன் நான். நீ பயந்தேன்னு ஊரறிய கத்தினவனும் நான்தான். மன்னிச்சிடும்மா."

கல்பனா மனுவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அந்த மூணு பொண்ணுங்க என்னவிட வேகமா ஓடுச்சிங்க. அவ்ளோதானே சார்?"

"அவ்ளோதாம்மா."

"அத அன்னிக்கே சொல்லியிருந்தா நான் அடுத்த வருசமும் ஓடியிருப்பேனே சார்."

கல்பனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோபத்தில் வந்த கண்ணீர் அது, பார்த்தாலே தெரிந்தது. பிறகு பேனாவைத் திறந்து, மனுவில் 'இருநூறு' என்பதை அடித்துவிட்டு 'நூற்றித் தொண்ணூறு' என்று எழுதினாள். "திங்கக்கிழமை எத்தினி மணிக்கு மேடம்? நானே போறேன். சாரும் வரட்டும்."

திங்கட்கிழமை இரண்டு பஸ் மாறித் திருவள்ளூர் போனார்கள். வழியில் நாஷ்டாவுக்கு இறங்கினபோதுகூட அவள் அவரிடம் அதிகம் பேசவில்லை. மனு கொடுக்கும் வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றார்கள். அதிகாரி மனுவைப் படித்துவிட்டு, அடித்து எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இது என்னம்மா, நூத்தி தொண்ணூறா? எல்லா எடத்துலயும் இருநூறுதானே இருக்கும்?"

"நூத்தி தொண்ணூறுதான் சார். அளந்தவரு பின்னால நிக்கிறாரு, வேணும்னா கேட்டுக்கோங்க." கல்பனா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இத்தினி வருசம் எங்க பசங்க தப்பான அளவுல ஓடிட்டு, இங்க வந்து தோத்து, திட்டு வாங்கிக்கினு போச்சிங்க. இன்னும் பத்து மீட்டர் கெடச்சா சரியா போயிடும். அந்த எடத்துலதான் நீங்க கட்டடம் போட்டிருக்கீங்க. பின்னால காலி எடம் இருக்குது சார், அங்க கட்டிக் குடுங்க. என் பொண்ணுக்கு கிளாஸ் ரூமும் வேணும், கிரவுண்டும் வேணும்."

ஜெரால்ட் அவள் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நடுங்கவே இல்லை. அதிகாரி போனை எடுத்து, பின்பக்கத்து இடத்தை இந்த வாரமே அளந்து சொல்லும்படி யாரிடமோ சொன்னார். கட்டடம் பின்னால் போகும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் கல்பனா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஜெரால்ட் முன் சீட்டில். பஸ் கிளம்பியதும் அவள் யாருக்கோ போன் போட்டாள்.

"சூப்பர்வைசர் சாரா? நான் செக்கிங் கல்பனா பேசறேன். அந்த பூனா ட்ரெய்னிங் லிஸ்ட்டு இன்னும் மூடலையே? என் பேர போட்டுக்கோங்க சார். ஆமா, நான்தான். இல்ல இல்ல, பயம்லாம் ஒண்ணும் கெடயாது."

ஜெரால்ட் திரும்பிப் பார்க்கவில்லை. கர்ச்சீப்பை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டபோது, இரண்டு பேருக்குமாகச் சேர்த்துக் கல்பனாவே எடுத்தாள்.