மாயகிருஷ்ணனின் கோட்டைமேடு

எங்கள் ஊரில் மாயகிருஷ்ணனைத் திட்டாதவர் கிடையாது. நானும் வாய் வலிக்கத் திட்டியிருக்கிறேன். பருத்தி வெடித்துக் கிடக்கும்போது, மனுவும் கையுமாகத் தூத்துக்குடிக்கு பஸ் ஏறுகிற சம்சாரியை வேறென்ன செய்ய?

மனு எல்லாம் கோட்டைமேட்டுக்காக. பசுவந்தனைக்குப் போகிற வழியில், கரிசல் காட்டுக்குள் ஒரு மைல் நீளத்துக்குக் கிடக்கிற மண்மேடு அது. எதிரிப் படை உள்ளே வராமலிருக்க அந்தக் காலத்து ஆட்கள் கூடைகூடையாய் மண் சுமந்து போட்ட கரை. மாயகிருஷ்ணனின் புஞ்சை அதை ஒட்டி இருக்கிறது. சோலார் கம்பெனி மேட்டை வெட்டிப் பாதை போடப் போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அந்த மேடா வந்து நமக்குச் சோறு பொங்கப் போவுது?" என்பாள் அவர் வீட்டுக்காரி பேபி.

"நம்ம காட்டுக்குப் பட்டா இருக்கு. அதுக்கு யாரு இருக்கா, ஏட்டி?"

நாலு வருஷம் கழித்துக் கடிதம் வந்தது. பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கலாமா என்று பார்க்க, வெள்ளிக்கிழமை தொல்லியல் அதிகாரி வருகிறார். மாயகிருஷ்ணன் தெருத்தெருவாகக் கடிதத்தைக் காட்டினார்.

மேடு முழுக்கச் சீமைக்கருவேலம். கோயில் கொடைத் திருவிழாவுக்கு முன்னால் முள்ளை வெட்டி, தரையைச் செதுக்கிச் சமப்படுத்துவது எங்கள் வழக்கம். பெரிய ஆள் வருகிறார் என்றாலும் அப்படித்தான். மாயகிருஷ்ணன் எங்கள் ஊர்க் கருத்தையாவின் ஜேசிபியை வாடகைக்குப் பிடித்தார். திட்டிய பாவத்துக்கு நானும் கூடப் போனேன். முன்னால் நடந்து, எங்கே செதுக்க வேண்டும் என்று கை காட்டியதே நான்தான். முள்ளை வேரோடு பிடுங்கி, குழிகளை மேட்டு மண்ணாலேயே நிரவினோம்.

"அண்ணாச்சி, இனி மேல கார் ஓட்டலாம்," என்றான் கருத்தையா. மாயகிருஷ்ணன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை ஜீப்பை விட்டு இறங்கிய அதிகாரி அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"யார் செஞ்சது இது?"

"நாந்தாம்மா. நீங்க வருதீங்கன்னு சுத்தம் பண்ணி வச்சேன்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"மண்ணு அடுக்கடுக்கா இருந்தாத்தான் எந்தக் காலத்துக் கரைன்னு நிரூபிக்க முடியும், ஐயா. இப்ப எல்லாம் கலந்து போச்சே. இதை வச்சு நான் என்ன எழுத?"

அடப் பாவமே! மறுநாள் காலையில் போனால், மாயகிருஷ்ணன் மண்வெட்டியும் கூடையுமாக, நிரவிய மண்ணை அள்ளி மறுபடி மேலே போட்டுக்கொண்டிருந்தார்.

"எந்த மண்ணு மேல கெடந்துச்சு, எது கீழ கெடந்துச்சுன்னு உனக்காவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

கை காட்டியவன் நான். எனக்கும் தெரியவில்லை.