சனிக்கு நேராக நிற்கக்கூடாது

என் மாமியார் தொட்டது எதுவும் வைத்த இடத்தில் இருக்காது. உப்பு டப்பா, என் கண்ணாடி, செருப்பு எல்லாம் இடம் மாறும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போனேன். தொலைநோக்கியைத் தொட்டதை மட்டும் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். அவர் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: சனியின் வளையத்தைப் பார்க்க வேண்டும். அந்த மூட்டுவலியோடு இனி விமானம் ஏற மாட்டார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். வந்த நாள் முதல் நாங்கள் குடியிருக்கும் புக்கிட் பாத்தோக்கில் வானம் மூடியே கிடந்தது. அவர் கிளம்புவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, பொழுது சாய்ந்ததும் மேகம் கொஞ்சம் விலகியது. எங்கள் அடுக்குமாடி புளோக்கை ஒட்டிய கார் பார்க்கின் மொட்டை மாடிக்குத் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அதைத் தாங்கி நிற்கும் மோட்டார் பீடத்துக்குக் கண் கிடையாது. முதலில் இரண்டு நட்சத்திரங்களை நடுவில் பிடித்துக் காட்ட வேண்டும். அதன்பின் மோட்டார் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணித்தான், தான் எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்று கணக்கு வைத்திருக்கும். பூட்டுத் திருகைத் தளர்த்திக் கையால் தள்ளினால் மோட்டார் சுற்றாது. குழாய் நகர்ந்தது அதற்குத் தெரியவே தெரியாது. விலை கூடியவற்றுக்குத் தெரியும்; என்னுடையது அந்த ரகம் இல்லை.

சனியை நடுவில் நிறுத்தினேன். வளையம் பளிச்சென்று தெரிந்தது. தேக்கா பக்கம் கோயிலில் எள் தீபம் போட்டுவிட்டு நேராக மேலே வந்த மாமியாரைக் காவலுக்கு வைத்துவிட்டு, அப்பாவைக் கைபிடித்து அழைத்துவர லிஃப்டில் இறங்கினேன்.

அப்பா குனிந்து கண்ணை வைத்தார். "ஒண்ணும் தெரியலியேப்பா."

நானும் பார்த்தேன். இருட்டு. பொத்தானை அழுத்தி மறுபடி சனிக்குப் போகச் சொன்னேன். அசையவில்லை. ஏற்கெனவே அங்கேதான் இருப்பதாகத் திரை காட்டியது. லென்ஸைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். கடைசியில்தான் திருகு தளர்ந்திருப்பது கண்ணில் பட்டது. நிமிர்ந்தபோது மேகம் மூடிவிட்டது.

"அத்தை, இதத் தொட்டீங்களா?"

"கொஞ்சம்தான் லா மாப்ள. நேருக்கு நேரா சனியவே பாத்துக்கிட்டு நிக்குது. கோயில்லயே நாம சைடுல நின்னுதான கும்பிடுறோம்? சம்பந்திக்கு வேற ஏழரை நடக்குது. அதான் லூஸ் பண்ணி லேசா ஒதுக்கி விட்டேன்."

"உங்கள யாரு..." என்று ஆரம்பித்தேன். அப்பா என் கையை அழுத்தினார்.

"விடுப்பா. சம்பந்தியம்மா நல்லதுக்குத்தான் செஞ்சிருக்காங்க. எனக்குமே நேரா பாக்க ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு."

அத்தையின் முகம் மலர்ந்தது. அவருக்குப் போய் வக்காலத்து வாங்குகிறாரே என்று அப்பா மீதும் ஆத்திரம் வந்தது. அன்றிரவு இருவரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் அப்பாவும் நானும் மட்டும் டாக்சியில் விமான நிலையம் போனோம். பாதி தூரத்தில் அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டார்.

"அந்த வளையம் நெஜமாவே தனியாத் தெரியுமா, இல்ல ஒட்டிக்கிட்டு இருக்குமா?"

"தனியாத் தெரியும்ப்பா. நடுவுல இடைவெளிகூடத் தெரியும்" என்றேன்.